ஓட்டுச்சீட்டின் அடியில் வரிசையாக நீதிபதிகள்: யாருக்குப் போடுவது?

சுகர்லேண்ட் மீனா:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம்தான் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை வந்தது. வரப்போகிற தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போடப் போகிறேன். தயாராகலாம் என்று டெக்ஸாஸில் எங்கள் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் ஜில்லா மாதிரி) பழைய மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை அச்சடித்து, சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். செனட்டர், ஆளுநர் வரைக்கும் சரி. பெயர் தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரிகிறது. அதற்குக் கீழே போனால் நீதிபதி, நீதிபதி, நீதிபதி. மாநில உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், கவுண்டி நீதிமன்றம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கட்சி வேறு போட்டிருக்கிறது.

எனக்கு இது மனதை உறுத்துகிறது. நான் பிறந்த தஞ்சாவூர்ப் பக்கம் நீதிபதி என்றால் பரீட்சை எழுதி, நேர்காணல் முடித்து வருகிறவர். இங்கே கொலை வழக்கை நடத்துகிறவருக்கும், விவாகரத்தில் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவருக்கும் நான் ஓட்டுப் போட வேண்டும். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்காரர் "கட்சியைப் பார்த்துப் போட்டுவிட்டு வா" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஆஸ்டின் குமார்:

மீனா அக்கா, நானும் பத்து வருடமாகக் கட்சியைப் பார்த்துத்தான் போடுகிறேன். முன்பெல்லாம் ஒரே பொத்தானை அழுத்தினால் மொத்தச் சீட்டும் ஒரு கட்சிக்குப் போய்விடும். 2020-லிருந்து டெக்ஸாஸில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கும்போது கீழே வரை போக எனக்குப் பொறுமை இருப்பதில்லை. பாதியோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கேட்டி சங்கர்:

குமார் தம்பி, பாதியில் விடாதீர்கள். நம் குடும்பத்தில் யாருக்காவது ஒரு சிக்கல் வந்தால் முதலில் போய் நிற்கப்போவது இந்தக் கீழ்ப்பாதியில் இருக்கிறவர் முன்னால்தான். வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேர் நம் வீட்டுப் பத்திரத் தகராறைப் பார்க்கப் போவதில்லை.

மீனா கேட்டதற்கு வருகிறேன். எங்கள் கவுண்டியிலேயே ஒருவர் கதை இருக்கிறது. நான் 2022-ல் அவர் போட்டியிட்டபோது ஓட்டுப் போட்டவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

240-வது மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி சுரேந்திரன் கே. பட்டேல். பட்டேல் என்றதும் குஜராத்தி என்று நினைத்துவிடாதீர்கள், காசர்கோட்டு மலையாளி. அப்பா அம்மா தினக்கூலிகள். பள்ளியில் படிக்கும்போதே அக்காவோடு சேர்ந்து பீடி சுற்றியிருக்கிறார். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஒரு வருடம் முழுநேரப் பீடித் தொழிலாளி. அப்புறம் மறுபடி படிக்கப் போனார். கல்லூரியிலும் வேலை விடவில்லை, அதனால் வருகைப் பதிவு குறைந்து, தேர்வு எழுதவிட மாட்டோம் என்ற நிலை வந்தது. அவர் ஆசிரியர்களிடம் கேட்டது ஒன்றுதான்: எழுத விடுங்கள், மதிப்பெண் வரவில்லை என்றால் நானே படிப்பை நிறுத்திக்கொள்கிறேன். முடிவு வந்தபோது அவர்தான் முதல் மாணவர். கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரியில் படித்த நாட்களில் ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. 1995-ல் சட்டப் பட்டம், அடுத்த வருடம் ஹோஸ்துர்க்கில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியர். அப்புறம் டெல்லி.

மனைவி நர்ஸ். அவருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்ததால் 2007-ல் குடும்பம் இங்கே வந்தது. பத்து வருடத்துக்கு மேல் கோர்ட்டில் வாதாடிய ஆள் இங்கே மளிகைக் கடையில் வேலைக்குப் போனார். நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கட்டம் தெரியும்! 2009-ல் டெக்ஸாஸ் வழக்கறிஞர் தேர்வில் தேறினார். 2011-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். முடித்தார். 2017-ல் குடியுரிமை. ஐந்தே வருடத்தில், 2022 மார்ச்சில், ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நீதிபதியைத் தோற்கடித்தார். நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளரையும் ஜெயித்து, 2023 ஜனவரி 1-ல் பதவியேற்றார்.

பிரசாரத்தின்போது அவருடைய உச்சரிப்பை வைத்தே எதிர்ப்பிரசாரம் நடந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொந்தக் கட்சியிலேயே பலர் இவர் ஜெயிக்க மாட்டார் என்றுதான் நினைத்தார்களாம். நான் இவர் கட்சிக்காரர் என்பதற்காகவோ, பக்கத்து மாநிலத்துக்காரர் என்பதற்காகவோ போடவில்லை. வாழ்க்கையில் இத்தனை படிகள் ஏறிய ஒருவர் தன் முன்னால் நிற்கிறவரை நிதானமாகக் கேட்பார் என்ற நம்பிக்கையில் போட்டேன்.

முக்கூடல் செல்வி:

சங்கர் அண்ணா, பீடி என்று படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இப்போது ரோசன்பெர்க்கில் இருக்கிறேன். பிறந்தது திருநெல்வேலி ஜில்லா முக்கூடல். எங்கள் தெருவில் பீடித் தட்டு இல்லாத வீடு கிடையாது. அம்மா காலையில் இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாள். அப்புறம் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால், இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி... பேசிக்கொண்டேதான் இருப்பாள், கை மட்டும் நிற்காது. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து நுனி மடக்கிக் கொடுப்பேன்.

சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். சிலதை எடுத்துத் தனியாகப் போடுவார். கழிவு. ஏன் கழிவு என்று சொல்ல மாட்டார். அம்மாவும் கேட்க மாட்டாள். கேட்டால் மறுநாள் இலை குறைத்துக் கொடுப்பார்கள் என்று பயம். அந்த மேசைக்கு முன்னால் அம்மா நிற்கிற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதனால் பீடி சுற்றிய ஒருவர் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார் என்றால் எனக்கு அது பெரிய விஷயம். காரணம் சொல்லாமல் தள்ளப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மதுரை வழக்கறிஞர் (ஓய்வு):

செல்வி அம்மா எழுதியதைப் படித்துக் கலங்கிவிட்டேன். அந்த மனிதரின் உழைப்புக்கு என் மரியாதை முழுவதும் உண்டு. ஆனால் 31 வருடம் கோர்ட்டில் நின்றவன் என்ற முறையில் வேறொன்றைச் சொல்ல வேண்டும். இப்போது பிளேனோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே நீதிபதிகள் தேர்தலில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பட்டேல் ஜெயித்ததைக் கொண்டாடுகிறோம். தோற்ற நீதிபதி என்ன தப்புச் செய்தார்? ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் அவர் நடத்திய விசாரணை ஒன்றையாவது பார்த்திருப்பார்கள்? 2018-ல் பக்கத்து ஹாரிஸ் கவுண்டியில் போட்டியிட்ட குடியரசுக் கட்சி நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே நாளில் தோற்றார்கள். நல்லவர், மோசமானவர், இருபது வருட அனுபவசாலி, எல்லோரும் சேர்ந்து போனார்கள். தோற்ற மறுநாள் சிறார் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தன் முன் வந்த சிறுவர்களிடம் யாரையாவது கொல்லப் போகிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வரிசையாக விடுவித்த செய்தி அப்போது நாடு முழுக்க வந்தது. தேர்தல் கோபம் நீதிமன்ற மேடை வரை வந்துவிட்டது, பாருங்கள்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் கிடையாது. டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த நேதன் ஹெக்ட், அவருக்கு முன்னால் இருந்த வாலஸ் ஜெபர்சன், இருவருமே கட்சி அடையாளத்தோடு நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். இருவரும் இதே மாதிரித் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள். 2019-ல் இதை ஆராய ஒரு ஆணையமே போட்டார்கள். அதில் பெரும்பான்மையும் கட்சித் தேர்தல் வேண்டாம் என்றுதான் சொன்னது. சட்டசபை தொடவில்லை.

இன்னொன்று, பயம். கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா கவுண்டியில் ஏரன் பெர்ஸ்கி என்ற நீதிபதி. 2003-லிருந்து பதவியில் இருந்தவர். 2016-ல் ஸ்டான்போர்ட் மாணவன் ஒருவனுக்குப் பாலியல் வன்முறை வழக்கில் ஆறு மாதத் தண்டனை கொடுத்தார். நன்னடத்தை அதிகாரிகளின் அறிக்கையை ஒட்டித்தான் கொடுத்தார். 2018 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டு அவரைப் பதவியிலிருந்தே இறக்கினார்கள். 1932-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் ஒரு நீதிபதிக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. இனி ஒவ்வொரு நீதிபதியும் தண்டனை எழுதும்போது வாசலில் நிற்கும் கூட்டத்தையும் நினைப்பார். ஏழை வீட்டுப் பையன் முன்னால் நிற்கும்போதும் நினைப்பார். தண்டனை கடுமையாகிவிட்டது என்று எதிர்த்து யாரும் ஊர்வலம் போவதில்லை.

டல்லாஸ் கவிதா:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். பெர்ஸ்கி விஷயத்தில் மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பெண் கோர்ட்டில் வாசித்த வாக்குமூலத்தை நான் முழுவதும் படித்தேன். இரவு ஒரு மணிக்கு ஆரம்பித்து, விடியும் வரை தூக்கம் வரவில்லை. நீதிபதி சிறைத் தண்டனை அந்த இளைஞனின் வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்கும் என்று கவலைப்பட்டார். கடைசியில் அவன் மூன்று மாதம்தான் உள்ளே இருந்தான். பாதிக்கப்பட்டவளின் வாழ்க்கையை யார் எடை போட்டார்கள்? எனக்கு இரண்டு பெண்கள். மக்கள் கோபப்பட்டதில் ஒரு தவறும் இல்லை.

மதுரை வழக்கறிஞர் (ஓய்வு):

கவிதா அம்மா, கோபம் நியாயம். அந்தத் தண்டனை குறைவு என்றுதான் நானும் நினைக்கிறேன். சட்டத்தில் ஓட்டை இருந்தது, தண்டனை கொடுத்த அதே 2016-ல் கலிபோர்னியா சட்டசபை அதை அடைத்தது. சரியான வழி அதுதான். நீதிபதி தப்புச் செய்தால் மேல்முறையீடு இருக்கிறது, சட்டத்தை மீறாமல் தாராளம் காட்டினால் சட்டத்தைத் திருத்தலாம். ஒரு தீர்ப்புக்காக ஆளையே தூக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறாகவே இருக்கட்டும்.

கேட்டி சங்கர்:

வழக்கறிஞர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மாற்று என்ன என்று பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் இந்த நாட்டில் நீதிபதிகளை ஆளுநர்களும் சட்டசபைகளும்தான் நியமித்தார்கள். வேண்டியவர்களுக்குப் பதவி போனது. அதைப் பார்த்து வெறுத்துத்தான் 1832-ல் மிசிசிப்பி தன் எல்லா நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுப்பது என்று மாற்றியது, 1846-ல் நியூயார்க். அப்புறம் தேர்தல் கட்சித் தலைவர்கள் கைக்குப் போனது. மிசூரியில் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் முதலாளி கான்சஸ் சிட்டி நீதிமன்றங்களைக் கையில் வைத்திருந்தார். அதற்கு மருந்தாக 1940-ல் மிசூரி முறை வந்தது. ஒரு குழு மூன்று பெயரைக் கொடுக்கும், ஆளுநர் ஒன்றை எடுப்பார், பின்னால் மக்கள் 'இருக்கட்டும், வேண்டாம்' என்று ஓட்டுப் போடுவார்கள். ஒன்றின் நோய்க்கு இன்னொன்று மருந்தாக வந்தது, அவ்வளவுதான்.

ஐயா, உண்மையாகச் சொல்லுங்கள். 2007-ல் வந்து, மளிகைக் கடையில் நின்று, 2017-ல் குடியுரிமை வாங்கி, இன்னும் மலையாள வாடையோடு இங்கிலீஷ் பேசுகிற ஒருவர் பெயரை எந்தக் குழு மூன்றில் ஒன்றாக எழுதிக் கொடுக்கும்? அந்தக் குழுக்களில் உட்காருகிறவர்கள் பெரிய அலுவலக வழக்கறிஞர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும். இவருக்குத் தெரிந்தவர்கள் தேவாலய வாசலிலும் கோயில் வாசலிலும் சந்தையிலும் கை கொடுத்த சாதாரண மக்கள். தேர்தல் இல்லாவிட்டால் அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்காது.

இதே கவுண்டியில் ஜூலி மாத்யூ இருக்கிறார், திருவல்லாவில் பிறந்தவர், கவுண்டி நீதிமன்றத்துக்கு 2018-லும் 2022-லும் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் முறை பதவியேற்றபோது காசர்கோட்டில் கணவர் வீட்டில் இருந்தபடி இணையவழியில் உறுதிமொழி எடுத்தார்.

ஒரு முக்கியமான விஷயம், மீனா. 'கவுண்டி ஜட்ஜ்' என்று சீட்டில் வருவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பெயரில் நீதிபதி, வேலை கவுண்டி நிர்வாகத்தை நடத்துவது. சாலை, பட்ஜெட், வெள்ளம் எல்லாம் அவர் தலையில்.

சுகர்லேண்ட் மீனா:

எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் எல்லோரும்! மனம் நிறைந்த நன்றி. எனக்கு இப்போது ஒன்று புரிகிறது, இன்னொன்று பயமாக இருக்கிறது. வாழ்க்கைக் கதை பிடித்தது என்பதற்காக ஒருவருக்குப் போட்டால், அது கட்சியைப் பார்த்துப் போடுவதை விட எந்த விதத்தில் நல்லது? நல்ல மனிதர் நல்ல நீதிபதியாக இருப்பார் என்று எப்படித் தெரியும்?

ரிச்மண்ட் ரவி:

மீனா, சரியான கேள்வி. ஜூரிக்கு, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, என்னைக் கூப்பிட்டபோது பார்த்ததைச் சொல்கிறேன். எந்த நீதிமன்றம், யார் நீதிபதி என்று எழுதப் போவதில்லை.

கடிதம் வந்தது, ரிச்மண்டில் ஜஸ்டிஸ் சென்டருக்குப் போனேன். வருகிறவர்களுக்குப் படி முதல் நாளுக்கு 20 டாலர், அடுத்த நாட்களுக்கு 58. அறுபது பேருக்கு மேல் மர பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தோம், ஆளுக்கு ஒரு எண் அட்டை. எனக்கு 34. பெரிய குற்ற வழக்கு என்பதால் எங்களிலிருந்து 12 பேரை எடுக்க வேண்டும். எல்லோர் மனதிலும் வேலைக்கு எப்போது திரும்புவோம் என்ற நினைப்புத்தான்.

நீதிபதி வந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறாவிட்டால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் "தப்புச் செய்யாதவன் வாய் திறக்க வேண்டியதுதானே" என்றார். பலர் தலையாட்டினார்கள். நானும்தான். நீதிபதி அவரை மடக்கவில்லை. அந்த உரிமை எதற்காக இருக்கிறது, அரசுத் தரப்பு ஏன் நிரூபிக்க வேண்டும் என்று பள்ளி வாத்தியார் மாதிரி பொறுமையாக விளக்கினார். அப்புறம் அந்தப் பெரியவரிடமே திரும்பி, இதை உங்களால் கடைப்பிடிக்க முடியுமா, முடியாதென்றால் அதுவும் நேர்மையான பதில்தான் என்றார். பெரியவர் யோசித்து, முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவமானப்பட்ட முகம் இல்லை அவருக்கு.

பக்கத்தில் ஒரு பெண், படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அழ ஆரம்பித்தார். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல வைக்காமல் மேடைப் பக்கமாக அழைத்து, மெதுவாகக் கேட்டு அனுப்பினார். அன்றைக்கு அந்த நீதிபதி என்ன கட்சி என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். நான் வழக்கமாகப் போடாத கட்சி. அடுத்த தேர்தலில் அவருக்குப் போட்டேன்.

மதுரை வழக்கறிஞர் (ஓய்வு):

ரவி தம்பி, நான் பக்கம் பக்கமாக எழுதியதை விட நீங்கள் எழுதியது பெரிது. நீதிபதியின் தரம் தெரிவது இந்த இடத்தில்தான். தீர்ப்பு எழுதுவது அப்புறம். பேசத் தெரியாதவனைப் பேச விடுகிறாரா, கோபம் வரும்போது குரல் ஏறுகிறதா, காலையில் நேரத்துக்கு வருகிறாரா, வழக்கைத் தள்ளிக்கொண்டே போகிறாரா. இதெல்லாம் வக்கீல்களுக்குத் தெரியும், வாக்காளர்களுக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, தேர்தல் இருக்கிறது, அதை நாம் மாற்றப் போவதில்லை. அதனால் மீனா அம்மாவுக்கு நடைமுறையாகச் சொல்கிறேன். மாவட்ட நீதிபதிக்கு நிற்க முன்பு நான்கு வருட அனுபவம் போதும் என்று இருந்தது. 2021-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அதை எட்டாக்கினார்கள். எட்டு வருடம் எந்த மாதிரி வழக்கில் கழிந்தது என்று பாருங்கள். ஜூரி முன்னால் வழக்கு நடத்தியே இராத ஒருவர் ஜூரி விசாரணைக்குத் தலைமை தாங்கப் போகிறாரா? ஹாரிஸ் கவுண்டி என்றால் ஹூஸ்டன் வழக்கறிஞர் சங்கம் நீதிபதிகளைப் பற்றி வக்கீல்களிடம் கருத்துக் கேட்டு வெளியிடுகிறது. மகளிர் வாக்காளர் லீக் என்ற அமைப்பு போடும் கையேட்டில் வேட்பாளர்களே கேள்விகளுக்குப் பதில் எழுதியிருப்பார்கள். நீதிபதிகள் நடத்தை ஆணையம் யாரையாவது பகிரங்கமாக எச்சரித்திருந்தால் அந்த உத்தரவு அதன் தளத்தில் இருக்கும். கடைசியாக, விசாரணை அறை பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்காருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆஸ்டின் குமார்:

ஓட்டுச்சாவடியில் போன் எடுக்கக் கூடாதே, இவ்வளவையும் எப்படி நினைவில் வைப்பது?

கேட்டி சங்கர்:

போன்தான் கூடாது, தம்பி. கையால் எழுதிய தாள் கொண்டு போகலாம். நான் ஒவ்வொரு தடவையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். ஹாரிஸ் பக்கம் சில வருடங்களில் ஏறக்குறைய 100 போட்டிகள் சீட்டில் வரும், தாள் இல்லாமல் யாராலும் முடியாது. முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களில் போங்கள், பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள்.

சுகர்லேண்ட் மீனா:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்றுக் காலை ரிச்மண்ட் போய்விட்டு வந்தேன். வாசலில் பையைச் சோதித்தார்கள், அப்புறம் எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏதோ தப்புச் செய்கிற மாதிரி.

இருபது வயது இருக்கும், ஒரு பையன். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். நீதிபதி நிபந்தனைகளை வாசித்தார். பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நீதிபதி நிறுத்தி, "நான் இப்போது சொன்னதை நீயே உன் வார்த்தையில் சொல்" என்றார். அவனால் சொல்ல முடியவில்லை. நீதிபதி முதலிலிருந்து ஆரம்பித்தார், இந்தத் தடவை சின்னச் சின்ன வாக்கியமாக, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி. எந்தத் தேதி, எந்த அறை, யாரைக் கூப்பிட வேண்டும். மூன்றாம் தடவை அவன் திருப்பிச் சொன்னான். அப்போதுதான் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அந்த நீதிமன்ற எண்ணை என் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் கட்சி எழுதவில்லை. இன்னும் நிறையக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. வியாழக்கிழமை வேறொரு அறைக்குப் போகிறேன், யாராவது வருவதென்றால் சொல்லுங்கள்.

முக்கூடல் செல்வி:

மீனா அக்கா, வியாழன் எனக்கு லீவுதான். எட்டரைக்கு வாசலில் நிற்கிறேன்.